2018 ஒலிம்பிக்ல தெரேசே ஜோஹாக் ஏன் இல்ல? உதட்டு க்ரீம் கதை உண்மையா?

திண்டுக்கல்_தம்பி:
மக்களே ஒரு டவுட்டு. எனக்கு நைட் ஷிஃப்ட், ரெண்டு மணிக்கு மேல கண்ணு சொருகாம இருக்க யூடியூப்ல எதையாவது ஓட விட்டுட்டு உக்காந்திருப்பேன், போன வாரம் எப்படியோ பெய்ஜிங் 2022 வின்டர் ஒலிம்பிக் லேடீஸ் 30 கிமீ ஸ்கீ ரேஸ் வந்து மாட்டுச்சு. நான் பனிய சினிமா பாட்டுல பாத்ததோட சரி. ஆனா பாருங்க, ஒரு குட்டியூண்டு பொண்ணு தனியா போயிட்டே இருக்கு, பின்னாடி ஆளே இல்ல, முதல்ல ப்ராக்டிஸ் வீடியோன்னு நெனச்சுட்டேன், அப்புறம் பாத்தா அதுதான் ரேஸ், ரெண்டாவதா வந்தவங்களுக்கும் இதுக்கும் 1 நிமிஷம் 43 செகண்டு வித்தியாசம். ரெண்டாவது வந்த அமெரிக்காக்காரங்க ஜெஸ்ஸி டிகின்ஸ் கோட்ட தாண்டுன உடனே அப்படியே பனில படுத்துட்டாங்க, எந்திரிக்கவே இல்ல.

பேரு தெரேசே ஜோஹாக், நார்வே. சரி யாருன்னு தேடிப் பாத்தேன். 2010ல ரிலே தங்கம், 2014ல ஒரு வெள்ளி ஒரு வெண்கலம், 2022ல மூணு தங்கம். நடுவுல 2018 மட்டும் ஓட்டை. அடிபட்டுச்சா, குழந்தை பொறந்துச்சான்னு தேடுனா ஏதோ உதட்டுல க்ரீம் தடவுனதுக்கு தடை போட்டாங்கன்னு வருது. இது நிஜமா? நிஜம்னா அந்தம்மா ஏமாத்துனாங்களா இல்ல பாவமா? இங்க இந்த ஸ்போர்ட்ஸ் பாக்குறவங்க யாராவது இருக்கீங்களா, இல்ல நான் ஒருத்தன்தான் பைத்தியமா.

சும்மா_ஒருத்தன்:
க்ரீமுக்கு ஒலிம்பிக் போச்சுன்னா நான் மார்கழில காலி பண்ற வாசலின் டப்பாவுக்கு ஆயுள் தண்டனையே குடுப்பாங்க போல 😂 நீங்க ஒருத்தர் இல்ல ப்ரோ, நான் பயத்லான் பாப்பேன், ஸ்கீ ஓட்டிட்டு வந்து துப்பாக்கி சுடுவாங்கல்ல அது. இத பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது, பாலோ பண்றேன்.

ஒண்டாம்_நம்பர்_ரயில்:
தம்பி, முதல்ல பேர் ஜோஹாக் இல்லை. இஞ்ச ஜே எழுத்தை ய எண்டுதான் சொல்லுவினம், யூஹவ்க். அப்பிடியே தமிழில எழுத ஏலாது, கிட்டமுட்ட அதுதான்.

நான் ஓஸ்லோவில இருக்கிறது இருவது வருஷத்துக்கு மேல. ஸ்கீயில ஏறினால் இண்டைக்கும் விழுவன், ஆனா என்ர பிள்ளையள் ரெண்டும் நடக்கப் பழகின கையோட ஸ்கீயும் பழகிட்டினம். குளிர்காலத்தில ஞாயிறு காலமை மலைக்குப் போற ஒண்டாம் நம்பர் டி-பானே ரயிலில ஏறிப் பாருங்கோ, பெட்டி முழுக்க ஸ்கீ நட்டுக்கு நிக்கும், ஆக்களுக்கு இருக்க இடம் இராது, எழுபது வயசுப் பாட்டியும் தன்ர ஸ்கீயைப் பிடிச்சுக்கொண்டு தெர்மோஸில கோப்பியோட நிப்பா. அப்பிடியான நாட்டில இவ ஒரு வீட்டுப் பிள்ளை மாதிரி. சனம் பேர் சொல்லி 'தெரேசே' எண்டுதான் கதைக்கும்.

1988இல பிறந்தவ, தால்ஸ்பிக்டா எண்ட ஒரு சின்ன ஊர், ஓஸ் எண்ட கொம்யூனுக்குள்ள (எங்கட நகரசபை மாதிரி). 2007இல சப்போரோ உலக சாம்பியன்ஷிப்பில 30 கிமீயில வெண்கலம் எடுக்கேக்க வயசு 18. 2010 வான்கூவர் ரிலே தங்கம் உங்களுக்குத் தெரியும். ஆனா அந்தக் காலம் முழுக்க அவவுக்கு முன்னால மாரித் பியோர்கன் எண்ட மலை நிண்டது. அவ எட்டுத் தங்கத்தோட 15 ஒலிம்பிக் மெடல் எடுத்தவ, வின்டர் ஒலிம்பிக்கில அவ்வளவு மெடல் அவவுக்கு முதல் ஒருத்தரும் எடுக்கேல்லை. தெரேசே கனகாலம் அந்த மரத்துக்குக் கீழ முளைச்ச கண்டுதான்.

2011 மார்ச்சில ஓஸ்லோவிலயே, ஹோல்மென்கோலனில உலக சாம்பியன்ஷிப் நடந்தது. நான் மகனைத் தோளில வைச்சுக்கொண்டு காட்டுக்குள்ள மேட்டில நிண்டனான். மரத்துக்கு மரம் நெருப்பு மூட்டி சொசேஜ் சுடுற மணம், மாட்டுக்குக் கட்டுற மணியை எடுத்துவந்து ஆட்டுறாங்கள், கொடி. பியோர்கன் அதுக்குள்ள நாலு தங்கம் எடுத்து முடிச்சிட்டா, கடைசி 30 கிமீயும் எடுத்தால் அஞ்சு. எல்லாரும் அதுக்குத்தான் வந்தவை. நான் நிண்ட இடம் ஏத்தம். முதல் வந்தது சின்ன உருவம், தலை இங்கால அங்கால ஆடாமல், கால் மட்டும் தையல் மெஷின் ஊசி மாதிரி, டக்டக்டக். பின்னால பியோர்கன் வர இடைவெளி கிடந்தது. எனக்குப் பக்கத்தில நிண்ட கிழவர் ஒருத்தர் மணியை ஆட்டுறதையே நிப்பாட்டிப் போட்டு வாய் பாத்துக்கொண்டு நிண்டார். அண்டைக்குத் தெரேசே தங்கம், பியோர்கன் வெள்ளி, போலந்தின்ர கோவால்சிக் வெண்கலம்.

அதுக்குப் பேந்து 2015 ஃபாலுன் உலக சாம்பியன்ஷிப்பில மூண்டு தங்கம், 2014இலயும் 2016இலயும் வேர்ல்ட் கப் ஒட்டுமொத்த சாம்பியன். பியோர்கன் பிள்ளை பெறப் போயிருந்த அந்த 2015-16 சீசனில இவவுக்குக் கிட்ட ஒருத்தரும் வரேல்லை. அதே வருஷம் ஒக்டோபரிலதான் இடி விழுந்தது. மிச்சத்தைப் பேந்து எழுதுறன், வேலைக்கு நேரமாச்சு.

மெடிக்கல்_மணி:
க்ரீம் மேட்டர நான் சொல்றேன், ஏன்னா இது என் ஏரியா. மருந்துக்கடை வச்சு பதினஞ்சு வருஷம் ஆச்சு.

அந்த க்ரீம் பேரு ட்ரோஃபோடெர்மின். இத்தாலில மெடிக்கல் ஷாப்ல கிடைக்கிற புண்ணு மருந்து, உள்ள நியோமைசின்னு ஒரு ஆன்டிபயாடிக், கூடவே க்ளோஸ்டெபால்னு ஒண்ணு. இந்த க்ளோஸ்டெபால் ஸ்டீராய்டு. நாம சொறி சிரங்குக்கு குடுக்குற ஸ்டீராய்டு இல்ல, சதை வளக்குற வகை, அனபாலிக். தடை லிஸ்ட்ல எப்பவுமே இருக்குறது. 2016ல நார்வே டீம் இத்தாலில லிவிக்னோன்னு ஒரு மலை ஊர்ல கேம்ப் போட்டிருந்தாங்க, அந்தம்மாவுக்கு வெயில்ல உதடு வெந்து போச்சு (பனி மேல வெயில் அடிச்சா கீழருந்தும் சுடும்பாங்க), டீம் டாக்டர் கடைல போய் இத வாங்கிக் குடுத்திருக்காரு. அந்தம்மா இது தடை லிஸ்ட்ல இருக்கான்னு கேட்டிருக்காங்க, அவரு இல்லன்னுட்டாரு. தடவிட்டாங்க. செப்டம்பர்ல டெஸ்ட், பாசிட்டிவ். டாக்டர் தப்பு என்னோடதுன்னு ஒத்துக்கிட்டு ராஜினாமா பண்ணிட்டாரு.

இப்ப கேளுங்க. நம்ம ஊர் மாத்திரை அட்டைல ஓரமா ஒரு சிவப்பு கோடு இருக்கும்ல, டாக்டர் சீட்டு இல்லாம குடுக்கக் கூடாதுன்னு அர்த்தம், ஒருத்தரும் பாக்க மாட்டாங்க. இத்தாலில தடை பண்ண பொருள் இருக்குற மருந்து பெட்டிலயே சிவப்பு வட்டம் போட்டு 'டோப்பிங்'னு எழுதி அது மேல ஒரு கோடு இழுத்திருப்பாங்க. இந்த க்ரீம் பெட்டிலயும் இருந்துச்சு. கண்ணுக்கு முன்னாடி! ஒலிம்பிக் தங்கம் வாங்குனவங்க பெட்டிய திருப்பிக்கூட பாக்கலன்னா நான் பாவம்னு சொல்ல மாட்டேன். ஏமாத்துனாங்கன்னும் சொல்ல மாட்டேன். அசால்ட்டு. அசால்ட்டுக்கும் ஒரு விலை உண்டு.

திண்டுக்கல்_தம்பி:
மணி அண்ணே செம. ஆனா டெஸ்ட் 2016ல, ஒலிம்பிக் 2018 பிப்ரவரில. அவ்ளோ நாள் தடையா?

மெடிக்கல்_மணி:
அதுதான் கொடுமை தம்பி. நார்வேல போட்டது 13 மாசம். 2016 அக்டோபர் 18லருந்து எண்ணுனா 2017 நவம்பர்ல முடிஞ்சிரும், ஒலிம்பிக்குக்கு சாவகாசமா போயிருக்கலாம். ஆனா சர்வதேச ஸ்கீ சம்மேளனம் இது பத்தாதுன்னு சுவிட்சர்லாந்துல இருக்குற ஸ்போர்ட்ஸ் கோர்ட்டுக்கு அப்பீல் போச்சு, அவங்க 2017 ஆகஸ்ட்ல 18 மாசமா ஏத்திட்டாங்க. தடை முடியுற நாள் 2018 ஏப்ரல் 18. ஒலிம்பிக் பிப்ரவரிலயே முடிஞ்சுது. அஞ்சு மாசத்துல போச்சு. வேணும்னு பண்ணலன்னு கோர்ட்டும் ஒத்துக்கிச்சு, பெட்டிய பாக்காதது உன் தப்புன்னு சொல்லிடுச்சு.

பேஸ்லைன்_பாபு:
இதே க்ளோஸ்டெபால்தான் நம்ம சின்னர் கேஸ்லயும்! டென்னிஸ் பாக்குறவங்களுக்கு தெரியும், 2024 மார்ச்ல ரெண்டு டெஸ்ட் பாசிட்டிவ், அவரோட டீம்ல ஒருத்தர் இத்தாலில வாங்குன ஸ்ப்ரே, அதுவும் இதே ட்ரோஃபோடெர்மின், பிசியோ வெரல்ல வெட்டுக்காயம்னு அடிச்சுக்கிட்டு அதே கையால சின்னருக்கு மசாஜ் பண்ணி ஒட்டிக்கிச்சு. முதல்ல தப்பே இல்லன்னு விட்டுட்டாங்க, அப்புறம் உலக ஊக்கமருந்து தடுப்பு அமைப்பு (WADA) அப்பீல் போய் 2025 பிப்ரவரில மூணு மாசம்னு பேசி முடிச்சாங்க. அந்த மூணு மாசத்துல ஒரு கிராண்ட்ஸ்லாம் கூட வரல, சரியா இத்தாலி ஓபன் டைமுக்கு திரும்ப வந்துட்டாரு. அங்க 18 மாசம், ஒலிம்பிக் போச்சு, ஒரு உலக சாம்பியன்ஷிப்பும் (2017 லஹ்தி) போச்சு. ஒரே மருந்து ரெண்டு நியாயம். காசு இருக்குற ஸ்போர்ட்ஸ், காசு இல்லாத ஸ்போர்ட்ஸ், அவ்ளோதான் மேட்டர்.

மெடிக்கல்_மணி:
பாபு, காசு மேட்டர் இல்லன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன், ஆனா ரெண்டும் ஒண்ணு இல்லப்பா. சின்னர் மேல அடுத்தவன் கைலருந்து ஒட்டுனது, அவரு கண்ணுல பெட்டியே படல. இவங்க கைல டியூப் இருந்துச்சு, பெட்டி இருந்துச்சு, தானே எடுத்து தடவுனாங்க. கடைல நின்னு பாத்தா இந்த வித்தியாசம் தெரியும். ஒருத்தன் தெரியாம மாத்திரை முழுங்குறதும், ஒருத்தன் அட்டைல எழுதுனத படிக்காம முழுங்குறதும் வேற வேற.

பேஸ்லைன்_பாபு:
அப்ப 18க்கும் 3க்கும் நடுவுல ஒரு ஆறு, எட்டு இல்லையா அண்ணே? நேரா ஆறு மடங்கா?

மெடிக்கல்_மணி:
அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. 13 மாசம் போதும்னுதான் எனக்கும் தோணுது.

குளிர்_கண்ணாயிரம்:
எல்லாரும் ரொம்ப உருகாதீங்க. நார்வே டீம்ல பாதி பேருக்கு ஆஸ்துமா, அந்த மருந்துக்கு ஸ்பெஷல் பர்மிஷன், இது ஊருக்கே தெரிஞ்ச புலம்பல். அதே 2016 ஜூலைல அவங்க ஆம்பளைங்க ஸ்டார் சுன்ட்பி ஆஸ்துமா மருந்த அளவுக்கு மேல இழுத்தாருன்னு ரெண்டு மாசம் தடை, ஒரு டூர் டி ஸ்கீ (பல ரேஸ் சேத்து நடத்துற தொடர்) பட்டமும் ஒரு வேர்ல்ட் கப்பும் புடுங்கிட்டாங்க. மூணு மாசம் கழிச்சு இவங்க க்ரீம். வேற நாட்டுக்காரங்களுக்கு இப்படி ஒரே வருஷத்துல ரெண்டு நடந்திருந்தா நார்வே பத்திரிகை சும்மா விட்டிருக்குமா?

ஒண்டாம்_நம்பர்_ரயில்:
கண்ணாயிரம், நீங்கள் சொல்லுறது நியாயம்தான். இஞ்ச இருக்கிற சனமே அந்த நேரம் ரெண்டாப் பிரிஞ்சு நிண்டது. என்ர வேலையிடத்தில ஒரு நோர்வேஜியன் மனுசி அவ டிவியில அழுததைப் பாத்துத் தானும் அழுதவ, அடுத்த மேசைப் பெடியன் 'ரஷ்யாக்காரி எண்டால் இப்பிடி அழுவியோ' எண்டு கேட்டவன். ரெண்டு பேரும் அண்டைக்கு ஒண்டாச் சாப்பிடேல்லை. ஆஸ்துமா மருந்துக் கதை வேற, க்ரீம் கதை வேற எண்டு நான் நினைக்கிறன், ஆனா பொறுப்பில்லாத டொக்டர்மார் எண்ட குற்றச்சாட்டு ரெண்டுக்கும் பொருந்தும்.

தடை எண்டால் வெறும் ரேஸ் இல்லை எண்டது மட்டும் இல்லை தம்பி. டீமோட சேந்து பயிற்சி எடுக்கேலாது, டீம் கேம்ப் இல்லை. தனியத்தான் எல்லாம்.

மலை_ஓட்டம்:
லேட்டா வந்துட்டேன். நான் ஓட்டக்காரன், மாரத்தான் க்ரூப்ல ஒருத்தர் சொல்லித்தான் இந்தம்மாவ பாக்க ஆரம்பிச்சேன், ஏன்னா 2019ல நார்வே நேஷனல்ஸ்ல 10,000 மீட்டர் ட்ராக் ஓட்டம் ஓடி ஜெயிச்சாங்க, 32 நிமிஷம் 20 செகண்டு. ஸ்கீ இல்ல, ஷூ போட்டு. அது அவங்களுக்கு கோடை லீவு டைம்பாஸ் மாதிரி. எங்க க்ரூப்ல அந்த டைமுக்கு கிட்டக்கூட ஒரு ஆளு இல்ல.

திண்டுக்கல் தம்பி, நீங்க பாத்த 'பின்னாடி ஆளே இல்ல' சீனுக்கு காரணம் மேடு. ஆளு 162 செமீ, எடையே இல்ல. ஏத்தத்துல எடை கம்மியா இருக்குறவங்க ராஜா, அது சைக்கிள்லயும் அப்படித்தான். சமதளத்துலயும் கடைசி நூறு மீட்டர் முட்டல்லயும் ரெண்டு குச்சியையும் ஒண்ணா ஊனித் தள்ளணும், அதுக்கு தோளும் எடையும் வேணும், அங்க இவங்களுக்கு ஆகாது. அதனால இவங்க ரேஸ் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும்: முதல் மேட்டுலயே உடைச்சுட்டு ஓடு, முடிவு வரைக்கும் யாரையும் கூட வச்சுக்காத. கூட ஒருத்தி ஒட்டிக்கிட்டு வந்துட்டான்னா முடிஞ்சுது.

நல்லதுக்கு உதாரணம் வேணும்னா டூர் டி ஸ்கீ கடைசி நாள் பாருங்க. அது சைக்கிள் டூர் மாதிரி வரிசையா பல ரேஸ், கடைசில இத்தாலில ஆல்ப்பே செர்மிஸ்னு ஒரு மலை. மத்தவங்க சறுக்கிக்கிட்டு எறங்குற சரிவுல இவங்க ஏறணும். சில இடத்துல 28 சதவீதம் சாய்வு. ஸ்கீய வி மாதிரி விரிச்சு ஒவ்வொரு அடியா, வாய்ல எச்சில் உறைஞ்சு தொங்க, பாக்குறவனுக்கே மூச்சு வாங்கும். அங்க இந்தம்மா மட்டும் நடைபாதைல வேகமா நடக்குற மாதிரி போவாங்க. டூர் பட்டம் நாலு: 2014, 2016, 2020, அப்புறம் 2025.

கெட்டதுக்கு உதாரணம் 2019 ஸீஃபெல்ட். தடைக்கு அப்புறம் வந்த முதல் உலக சாம்பியன்ஷிப், தனி ரேஸ் மூணுலயும் தங்கம், வெறியோட ஓடுன மாதிரி இருக்கும். ஆனா ரிலேல கடைசி ஆளு இவங்க, ஸ்வீடனுக்கு ஸ்டினா நில்சன், ஸ்ப்ரின்ட் ராணி. யூஹவ்க் எவ்ளோ இழுத்தும் நில்சன் முதுகுல ஒட்டுன பல்லி மாதிரி விடல, கடைசில ஸ்டேடியத்துக்குள்ள ஒரே தள்ளு, வெள்ளி. நான் அத நாலஞ்சு தடவ பாத்திருக்கேன். யூஹவ்க்னா என்னன்னு புரியணும்னா மூணு தங்கத்த விட அந்த தோல்விய பாருங்க.

சும்மா_ஒருத்தன்:
கேக்க கேக்க நல்லா இருக்கு. பெய்ஜிங்ல மூணு தங்கம்னாரே, மத்த ரெண்டு?

மலை_ஓட்டம்:
ஒண்ணு ஸ்கீயத்லான், பாதி தூரம் பழைய ஸ்டைல் (ரெண்டு கோடு போட்ட தடத்துல நேரா), நடுவுல ஸ்கீய மாத்திட்டு பாதி தூரம் ஸ்கேட்டிங் மாதிரி. அதுதான் அந்த ஒலிம்பிக்லயே முதல் தங்கம், இவங்களுக்கும் தனி ரேஸ்ல முதல் ஒலிம்பிக் தங்கம். அப்ப வயசு 33! உலக சாம்பியன்ஷிப்ல அதுக்குள்ள 14 தங்கம் வச்சிருந்தாங்க (ஓபெர்ஸ்டார்ஃப் 2021ல மட்டும் நாலு), ஒலிம்பிக்ல ரிலேவ தவிர ஒண்ணும் இல்ல. 2018 அவங்களோட உச்ச வயசு, 29. அது போனது எவ்ளோ பெரிய ஓட்டைன்னு இப்ப தெரியுதா.

இன்னொண்ணு 10 கிமீ பழைய ஸ்டைல், ஒவ்வொருத்தரா கெளம்புற ரேஸ். ஃபின்லாந்து கெர்ட்டு நிஸ்கனென விட 0.4 செகண்டு முன்னாடி. 10 கிலோமீட்டருக்கு! 28 நிமிஷ ரேஸ்ல கண்ணு சிமிட்டுற நேரம். 30 கிமீ அன்னைக்கு காத்தும் குளிரும் வேற, முந்தின நாள் ஆம்பளைங்க 50 கிமீயவே அதனால 30க்கு கிட்ட வெட்டிட்டாங்க. இவங்க மறுநாள் முழு 30ம் போனாங்க.

குளிர்_கண்ணாயிரம்:
பெய்ஜிங் ரிலேல நார்வே அஞ்சாவது. அதையும் சொல்லுங்க 🙂

மலை_ஓட்டம்:
சொல்லிட்டீங்கல்ல, சந்தோஷம்.

ஒண்டாம்_நம்பர்_ரயில்:
மிச்சக் கதை. 2022 மார்ச்சோட போட்டி போதும் எண்டு விட்டவ, 2023இல பெண் பிள்ளை பிறந்தது. பேந்து 2025 உலக சாம்பியன்ஷிப் எங்கட ட்ரொண்ட்ஹைமில எண்டு வர, மனசு கேக்கேல்லை போல, திரும்பி வந்தா. 36 வயசு. ஜனவரியில அந்த செர்மிஸ் மலை ஏறி டூரை எடுக்க இஞ்ச பேப்பர் எல்லாம் தங்கம் வந்த மாதிரியே எழுதினது.

ஆனா காலம் மாறிட்டுது. ஸ்வீடன் பெட்டையள், ஃப்ரீடா கார்ல்சன், எப்பா ஆண்டர்சன், ரெண்டு பேரும் மேட்டில விட்டுப்போட்டு ஓட விடாத ஆக்கள். கடைசி நாள் பொம்பிளையளுக்கு 50 கிமீ. முந்தி அவையளுக்கு 30தான் ஆகக் கூட, உலக சாம்பியன்ஷிப்பில பொம்பிளையள் 50 ஓடினது அதுதான் முதல்முறை. நான் ட்ரொண்ட்ஹைம் போகேல்லை, வீட்டில டிவி. மனிசி கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டு நிண்டவ, கத்தியை வைச்சிட்டு வந்து நிண்டா. தெரேசேயும் கார்ல்சனும் முன்னுக்கு, தெரேசே இழுத்து இழுத்துப் பாத்தா, கார்ல்சன் கழண்டு போகேல்லை. அப்பவே விளங்கிட்டுது எங்களுக்கு. மலை_ஓட்டம் சொன்ன அதே கதை, ஸ்டேடியத்துக்குள்ள கார்ல்சன் தாண்டிப் போனா. வெள்ளி. அந்த சாம்பியன்ஷிப்பில அவவுக்கு ஒரு தங்கமும் இல்லை. அதோட அந்த சீசன் முடிய விட்டுட்டா.

மனிசி 'இதுக்குத்தான் சின்னப் பிள்ளையை விட்டுட்டு வந்தவவோ' எண்டு கேட்டா, நான் ஒண்டும் சொல்லேல்லை, வெங்காயம் பாதியில கிடந்தது.

பேஸ்லைன்_பாபு:
பியோர்கன் 2018ல கலந்துக்கிட்டாங்களா? இவங்க இல்லாதப்ப?

ஒண்டாம்_நம்பர்_ரயில்:
ஓம். பிள்ளை பெத்துத் திரும்பி வந்து, 37 வயசில பியோங்சாங்கில அஞ்சு மெடல். கடைசி நாள் 30 கிமீயை ஒண்டேமுக்கால் நிமிசத்துக்கு மேல வித்தியாசத்தில எடுத்தவ. தெரேசே நிண்டிருந்தால் அந்த ரேஸ் எப்பிடிப் போயிருக்கும் எண்டு இஞ்ச இண்டைக்கும் சனம் கதைக்கும், பியர் குடிக்கேக்க.

திண்டுக்கல்_தம்பி:
எல்லாருக்கும் நன்றிங்க, நான் ரெண்டு வரி பதில் வரும்னுதான் நெனச்சேன். நேத்து ஷிஃப்ட்ல அந்த ஸீஃபெல்ட் ரிலே பாத்தேன், மலை_ஓட்டம் சொன்ன மாதிரியே. கடைசி வளைவுல யூஹவ்க் ஒரு தடவ தோளுக்கு மேல திரும்பிப் பாப்பாங்க, அந்த மூஞ்சி போதும். சூப்பர்வைசர் வந்து என்ன பாக்குறேன்னாரு, பனி சார்னேன், விட்டுட்டு போயிட்டாரு. மணி அண்ணே, இனிமே மாத்திரை அட்டைய திருப்பிப் பாத்துட்டுதான் வாங்குவேன்.

இப்ப 2011 ஹோல்மென்கோலன் 30 கிமீ தேடிக்கிட்டு இருக்கேன், துண்டு துண்டாத்தான் கிடைக்குது. ஓஸ்லோ அண்ணே, கூட்டத்துல நீங்களும் பையனும் தெரிவீங்களா?

ஒண்டாம்_நம்பர்_ரயில்:
மஞ்சள் தொப்பி போட்ட பெடியன், ஏத்தத்துக்கு இடப்பக்கம். ஆனா தம்பி, அண்டைக்கு அந்த மேட்டில பாதிப் பேர் தொப்பி போட்ட பிள்ளையளைத் தோளில வைச்சிருந்தவை. கண்டுபிடிச்சால் சொல்லுங்கோ, மகன் இப்ப என்னை விட உயரம், நம்ப மாட்டன் எண்டு நிக்கிறான்.